லீவர் சாகவில்லை

வலது கை லீவரை உள்பக்கம் தள்ளினால் 'கிளிக்' வர வேண்டும். வரவில்லை. கையில் எந்த எதிர்ப்பும் படாமல் லீவர் போய்விட்டுத் திரும்புகிறது. பின்சக்கரத்தில் சங்கிலி இருந்த பல்லிலேயே இருக்கிறது. ரோட் பைக்கைக் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனால் ஒரே நிமிடத்தில் தீர்ப்பு கிடைக்கும்: "ஷிஃப்டர் போச்சு சார். இதைப் பிரிக்கவும் முடியாது, ரிப்பேர் பண்ணவும் முடியாது. புதுசு போட்டுடுங்க." ஞாயிற்றுக்கிழமை காலையில் கூட ஓட்டும் நண்பர்களைக் கேட்டால் அவர்களும் இதையே சொல்வார்கள். அவர்களில் மூத்தவராக ஒருவர் இருந்தால், "அது சீல் பண்ணின ஐட்டம், உள்ளே கை வைக்காதே" என்று கூடுதலாக ஓர் எச்சரிக்கையும் தருவார்.

பிரேக்கையும் கியரையும் ஒரே கைப்பிடியில் சேர்த்த இந்த லீவர்களைப் பற்றி இதைவிடப் பரவலான நம்பிக்கை கிடையாது. இதைவிடச் செலவு வைக்கிற நம்பிக்கையும் கிடையாது. 'போய்விட்டது' என்று கழற்றி எறியப்படும் லீவர்களில் பெரும்பாலானவற்றில் உலோகம் எதுவும் உடைந்திருப்பதில்லை. உள்ளே இருக்கும் கிரீஸ் இறுகிப்போயிருக்கிறது, அல்லது கேபிள் நைந்து கிடக்கிறது. முதலாவது கழுவினால் தீரும். இரண்டாவது ஒரு கேபிளின் விலையில் தீரும்.

கருவியின் கதையிலிருந்து தொடங்கலாம். பந்தய சைக்கிள்களில் கியர் மாற்றும் லீவர்கள் வெகுகாலம் சட்டத்தின் கீழ்க்குழாயில்தான் இருந்தன. கியர் மாற்ற ஹேண்டில்பாரிலிருந்து ஒரு கையை எடுத்தாக வேண்டும். ஒரு சொடுக்குக்கு ஒரு கியர் என்று துல்லியமாக நகரும் முறையை ஷிமானோ 1984-இல் டூரா-ஏஸ் 7400 வரிசையில் கொண்டுவந்தது. அந்தச் சொடுக்கை 1990-இல் பிரேக் லீவருக்குள்ளேயே வைத்தது, எஸ்.டி.ஐ. என்ற பெயர் அப்போது புழக்கத்துக்கு வந்தது. இத்தாலியின் காம்பக்னோலோ 1992-இல் எர்கோபவர் லீவரோடு பதில் சொன்னது. அமெரிக்காவின் ஸ்ராம் 2006-இல் டபுள்டாப் என்ற ஒற்றை லீவர் முறையோடு வந்தது. மூன்று நிறுவனங்கள், மூன்று விதமான விரலசைவு. ஆனால் உள்ளே நடக்கிற வேலை ஏறக்குறைய ஒன்றுதான்: பல் வெட்டிய ஒரு வட்டு, அந்தப் பல்லில் விழுந்து பிடித்துக்கொள்ளும் சின்னஞ்சிறு கொக்கிகள், கொக்கியைப் பல்லை நோக்கி அழுத்தும் முடி போன்ற ஸ்பிரிங்குகள்.

இந்த ஏற்பாடு நம் ஊருக்குப் புதிதல்ல. சாதாரண சைக்கிளின் ஃப்ரீவீலுக்குள் இருப்பதும் இதேதான். பெடலை நிறுத்தியதும் பின்சக்கரத்திலிருந்து வருகிற அந்தக் 'கிர்ர்' சத்தம், கொக்கிகள் பல்மேல் ஏறி இறங்கும் சத்தம். ஃப்ரீவீல் பிடிக்காமல் பெடல் சும்மா சுற்றுகிறது என்று தெருமுனை சைக்கிள் கடைக்குப் போனால் அந்தப் பெரியவர் என்ன செய்வார்? தகர டப்பாவில் மண்ணெண்ணெயை ஊற்றி, அதில் ஃப்ரீவீலைப் போட்டு ஊறவைத்து, சுற்றிச் சுற்றி அழுக்கைக் கக்கவைத்து, இரண்டு சொட்டு எண்ணெய் விட்டுத் தருவார். 'சீல் பண்ணின ஐட்டம்' என்று அவர் யாரையும் திருப்பி அனுப்பியதில்லை. இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஜப்பானின் சகாய் நகரில் 1921-இல் தொடங்கப்பட்ட ஷிமானோ, முதன்முதலில் செய்து விற்ற பொருளே ஃப்ரீவீல்தான். அதே கொக்கியும் பல்லும் சிறியதாகி லீவருக்குள் போய்விட்டதும், கழுவலாம் என்ற எண்ணமே ஏன் எல்லோருக்கும் மறந்துபோகிறது?

கிரீஸுக்கு என்ன ஆகிறது என்று பார்ப்போம். கிரீஸ் என்பது எண்ணெயும், அதைப் பிடித்துவைத்திருக்கும் சோப்பு போன்ற ஒரு கெட்டிப்பொருளும் சேர்ந்த கலவை. வழுக்க வைப்பது எண்ணெய். கெட்டிப்பொருள் அதை ஓடாமல் நிறுத்துகிறது. ஆண்டுகள் போகப்போக எண்ணெய் கசிந்தும் காற்றுப்பட்டுக் கெட்டும் குறைகிறது. மிஞ்சுவது மெழுகு போன்ற பழுப்பு நிறப் பசை. அந்தப் பசையில் சிக்கிய கொக்கியைப் பல்லுக்குத் தள்ள அந்த முடி ஸ்பிரிங்குக்கு வலு போதாது. லீவர் அசையும், கொக்கி அசையாது. ஓட்டுபவருக்கு அது 'உள்ளே ஏதோ உடைந்துவிட்டது' என்றே படும். கைக்குத் தெரிகிற அறிகுறி அப்படித்தான் இருக்கிறது.

"அது தேய்மானம்தான், உழைத்துத் தேய்ந்துவிட்டது" என்பவர்கள் ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். தேய்மானம்தான் காரணம் என்றால் அதிகம் ஓடிய சைக்கிளின் லீவர் அல்லவா முதலில் நிற்க வேண்டும்? நடப்பது வேறு. இரண்டு மூன்று ஆண்டுகள் பால்கனியில் மூடிவைத்த சைக்கிள், வெளிநாட்டிலிருந்து வந்து வீட்டு மூலையில் கிடந்த பழைய ஒன்பது கியர் சைக்கிள், எப்போதாவது மட்டும் தொடுகிற இடது கை லீவர் என்று ஓய்வில் இருந்தவையே அடிக்கடி இப்படி மௌனமாகின்றன. குளிர் சொல்லும் சாட்சி இன்னும் தெளிவானது. வெயில் ஏறியபின் பிடிக்கிற லீவர், குளிர்ந்த காலையில் வெறுமனே ஆடும். உடைந்த ஸ்பிரிங் வெயிலில் ஒட்டிக்கொள்ளாது. இளகுவது கிரீஸ் மட்டும்தான்.

அடுத்த வாதம், கம்பெனியே பிரிக்கக் கூடாது என்கிறது என்பது. இதில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதியை மதிக்கவும் வேண்டும். ஷிமானோ லீவரின் ரப்பர் ஹூட், பெயர்த்தகடு, மாட்டும் பட்டி போன்றவை தனியாகக் கிடைக்கும். உள்ளிருக்கும் பல்வட்டையும் கொக்கியையும் சில்லறையாக வாங்கவே முடியாது என்று சொல்லிவிடலாம். மையத் திருகைக் கழற்றிவிட்டால் அடுக்கடுக்காக வைத்த வட்டுகளும் வாஷர்களும் ஸ்பிரிங்கின் இழுப்பில் துள்ளும். எது எதன்மேல் இருந்தது என்று நினைவில் வைத்துத் திரும்ப அடுக்குவது கடிகாரக்காரரின் பொறுமையைக் கேட்கும் வேலை. ஆகவே பிரிக்க வேண்டாம் என்பது நல்ல அறிவுரை. ஆனால் கழுவுவதற்குப் பிரிக்க வேண்டிய அவசியமே இல்லை. 'பிரிக்காதே' என்ற எச்சரிக்கை வாய்மொழியாகப் பரவும்போது 'தொடாதே' என்று மாறிவிட்டது. குழப்பத்தின் வேர் இங்கேதான்.

கழுவும் விதத்தைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம். சண்டை உண்மையில் இதைப் பற்றியதுதான். முதலில் நோயைச் சரிபார்க்க வேண்டும். சங்கிலியைப் பின்பக்கத்தின் மிகச் சிறிய பல்சக்கரத்துக்கு இறக்கி, சங்கிலியைப் பல்லுக்குப் பல் நகர்த்தும் டெரெய்லரில் கேபிளைப் பிடித்திருக்கும் போல்ட்டைத் தளர்த்தி, கேபிளின் நுனியைக் கையால் லேசாக இழுத்துப் பிடித்துக்கொண்டு லீவரை அழுத்திப் பார்க்க வேண்டும். இப்போது ஒவ்வொரு படியும் ஒழுங்காகச் சொடுக்கினால் லீவருக்கு ஒரு குறையும் இல்லை. கோளாறு கேபிள் உறையிலோ டெரெய்லரிலோ இருக்கிறது. இந்த இரண்டு நிமிடச் சோதனையைச் செய்யாமலே எழுதப்படும் மரணச் சான்றிதழ்கள் ஏராளம்.

லீவரே சொடுக்கவில்லை என்று உறுதியானால் ரப்பர் ஹூட்டைப் பின்னுக்குச் சுருட்ட வேண்டும்; கழற்றிவிட்டால் இன்னும் நல்லது. பெட்ரோலிய வகைக் கரைப்பான்கள் பட்டால் ரப்பர் ஊதிப்போய்ப் பழைய அளவுக்குத் திரும்பாது. ஹூட்டைக் கழுவச் சோப்புத் தண்ணீர் போதும். பழைய மாடல்களில் முன்பக்கப் பெயர்த்தகட்டை எடுத்தால் பல்வட்டு கண்ணுக்கே தெரியும். புதியவற்றில் பிரேக்கை அழுத்திப் பிடித்தால் பக்கத்திலும் அடியிலும் இடைவெளி திறக்கும். மெல்லிய குழாய் மாட்டிய ஸ்பிரே டப்பாவோ, பெயின்ட் கடையில் கிடைக்கும் மினரல் டர்பன்டைனை நிரப்பிய சிரிஞ்சோ இருந்தால் வேலை நடக்கும். மண்ணெண்ணெய் கிடைத்தால் அதுவும் சரிதான். அசிட்டோன், கார்களுக்கான பிரேக் கிளீனர் இரண்டும் வேண்டாம்; உள்ளிருக்கும் பிளாஸ்டிக் பாகங்களை அவை கெடுக்கக்கூடும். இந்த வேலை காற்றோட்டமான இடத்தில், நெருப்பு பக்கத்தில் இல்லாமல் நடக்க வேண்டும்.

டிஸ்க் பிரேக் சைக்கிள் என்றால் முன்சக்கரத்தைக் கழற்றித் தள்ளி வைத்துவிட்டு, காலிப்பரைத் துணியால் மூடிக் கட்டுவது கட்டாயம். மேலிருந்து ஒழுகும் ஒரு சொட்டு எண்ணெய் பிரேக் பேடில் பட்டால், கியரைச் சரிசெய்யப் போய் பிரேக்கை இழந்த கதை ஆகிவிடும்.

பிறகு பீய்ச்ச வேண்டும், அழுத்த வேண்டும். மறுபடி பீய்ச்ச வேண்டும், மறுபடி அழுத்த வேண்டும். முதலில் எதுவும் நடக்காது. பலரும் கைவிடுவது இந்தக் கட்டத்தில்தான். இருபது முப்பது அழுத்தலுக்குப் பின் தேநீர் நிறத்தில் அழுக்கு இறங்கத் தொடங்கும். எங்கோ ஒரு தடவை கொக்கி அரைமனதோடு பல்லைத் தொடும். அடுத்த பத்தில் மூன்று தடவை பிடிக்கும். பிறகு எல்லாத் தடவையும். அப்படியும் பிடிக்கவில்லையென்றால் ஓர் இரவு ஊறவிட்டு மறுநாள் தொடர வேண்டும். ஒழுகுவது தெளிவாக வரும்வரை கழுவுவதுதான் கணக்கு.

"சரி, கரைப்பானை அடித்தால் கம்பெனி வைத்த கிரீஸ் போய்விடுமே, அப்புறம் உலோகத்தோடு உலோகம் உரசுமே" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான பயம். ஆனால் போகப்போவது ஏற்கெனவே வேலையை நிறுத்திவிட்ட கிரீஸ். கழுவிய இடம் காய்ந்ததும் புது எண்ணெய் விடாதவர்தான் தவறு செய்கிறார். இந்தத் தவறுக்கு டபிள்யூ.டி.-40 டப்பாவின் புகழும் ஒரு காரணம். 1953-இல் சான் டியாகோவில் நீரை விரட்டவும் துருவைத் தடுக்கவும் உருவாக்கப்பட்ட கலவை அது. அதில் பெரும்பங்கு ஆவியாகிப்போகும் கரைப்பான். மிஞ்சும் எண்ணெய்ப் படலம் மிக மெல்லியது. கழுவ அது நன்றாகவே உதவும். அதையே மசகெண்ணெய் என்று நம்பி அத்தோடு விடுபவருக்குச் சில வாரங்களில் லீவர் மறுபடி முரண்டு பிடிக்கும். உடனே, "பார்த்தீங்களா, கழுவினாலும் நிக்காதுன்னு சொன்னேனே" என்று ஒரு குரல் எழும். குரல் கொடுப்பவர் வேலையைப் பாதியில் நிறுத்தியதைச் சொல்லமாட்டார்.

நன்றாகக் காய்ந்த பிறகு தையல் மெஷின் எண்ணெய் போன்ற மெல்லிய எண்ணெயைக் கொக்கிகள் இருக்கும் இடத்தில் சில சொட்டு விட்டு, லீவரை அழுத்தி அழுத்திப் பரவ விட வேண்டும். கெட்டியான பேரிங் கிரீஸைத் திணிப்பது, பழைய நோயையே புது டப்பாவிலிருந்து எடுத்து ஊற்றுவதாகும். மெல்லிய எண்ணெய் கிரீஸைவிடச் சீக்கிரம் வற்றும் என்பது உண்மைதான். அப்போது இன்னும் சில சொட்டு விட்டால் போயிற்று.

கேபிள் விஷயம் இதைவிட மோசமாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. 2008-இல் அறிவித்த டூரா-ஏஸ் 7900 லீவரில் ஷிமானோ ஒரு மாற்றம் செய்தது. அதுவரை லீவரின் பக்கவாட்டிலிருந்து கொம்புபோல் வெளியே நீட்டிக்கொண்டிருந்த கியர் கேபிளை ஹேண்டில்பார் சுற்றுத் துணிக்கு அடியில் ஒளித்தது. அல்டெக்ரா 6700-உம் 105 வரிசையின் 5700-உம் அதே வழியில் வந்தன. பார்க்க அழகு. ஆனால் கேபிள் லீவருக்குள்ளேயே இறுக்கமாக வளைய வேண்டியதாயிற்று. ஒவ்வொரு சொடுக்கிலும் அதே இடத்தில் வளைந்து நிமிரும் கம்பியின் இழைகள், தலைப்பகுதிக்குப் பக்கத்தில் ஒவ்வொன்றாக அறுபடும். வெளியே ஒன்றும் தெரியாது. முதல் அறிகுறி, கியர் அடிக்கடி சரிசெய்ய வேண்டியிருப்பது. நேற்று திருகி ஒழுங்காக்கியது இன்று மறுபடி நழுவியிருக்கும். அடுத்து, சிறிய பல்சக்கரங்களுக்கு இறங்கத் தயங்கும். ஒருநாள் முழுவதுமாக அறுந்துவிடும். கேபிளின் தலையும் சில இழைத் துணுக்குகளும் பல்வட்டுக்குள் மாட்டி லீவரையே பூட்டிவிடும்.

அந்த நிலையில் கடைக்குப் போகும் லீவர் நிச்சயம் இறந்ததுபோல்தான் இருக்கும். சிலவற்றை உண்மையிலேயே காப்பாற்ற முடியாமலும் போகும். ஆனால் பழியை லீவர்மேல் போடுவது நியாயமா? ஒழுங்காக ஓட்டுபவர் ஆண்டுக்கொரு தடவையாவது கேபிளைத் தளர்த்தித் தலையை வெளியே தள்ளிப் பார்த்து, ஓர் இழை பிரிந்திருந்தாலும் மாற்றிவிட்டால் இந்த விபத்துக்கே இடமில்லை. பூச்சுள்ள கேபிளாக இருந்து, பூச்சு உரிந்து நார்நாராகச் சேர்ந்திருந்தால் அதையும் அப்போதே இடுக்கியால் எடுத்துவிடலாம். அறுந்த பிறகுகூட லீவரை மிகச் சிறிய பல்சக்கரத்தின் நிலைக்குக் கொண்டுவந்து, வெளிச்சம் அடித்து, ஊசி முனை இடுக்கியால் தலையை நோண்டி எடுத்து உயிர்ப்பித்த மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். அவர்கள் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வதில்லை. நேரம் பிடித்த வேலைக்குக் கிடைக்கும் கூலி, புது லீவரை விற்றால் கிடைப்பதைவிடக் குறைவு என்பது அவர்களுக்குத் தெரியும்.

கூலியைப் பற்றிய வாதமும் இருக்கிறது: மெக்கானிக்கின் நேரத்துக்குக் கணக்குப் போட்டால் புதுசு வாங்குவதே லாபமாம். மேலோட்டமாகச் சரிபோலத் தோன்றும். கடைக்காரர் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. கழுவிக் கொடுத்த லீவர் மறுவாரம் நின்றால் வாடிக்கையாளர் அவரிடம்தான் வந்து நிற்பார். புதுசுக்கு என்றால் கம்பெனி உத்தரவாதம் பேசும். ஆனால் கழுவும் வேலையில் பெரும்பகுதி ஊறும் நேரம்தான். அந்த நேரத்தில் வேறு மூன்று சைக்கிள்களுக்குப் பஞ்சர் ஒட்டலாம். 'புதுசு' என்பதன் விலையையும் முழுதாகச் சொல்ல வேண்டாமா?

பத்து கியர் 105 5700 வைத்திருப்பவரை எடுத்துக்கொள்ளலாம். வலது லீவர் போய்விட்டது என்று நம்புகிறார். அதே மாடல் புதிதாகக் கிடைப்பது அரிது. "பத்து கியருக்குப் பத்து கியர்" என்று 2015-இல் வந்த டியாக்ரா 4700 லீவரை வாங்கி மாட்டினால் கியர் நேராக விழாது. அந்த லீவர் ஒரு சொடுக்குக்கு இழுக்கும் கேபிளின் நீளம், பதினோரு கியர் வரிசையோடு ஒத்துப்போகிறது. பழைய பத்து கியர் டெரெய்லரோடு ஒத்துப்போகாது. ஆக டெரெய்லரும் மாற வேண்டும். இறுகிய கிரீஸ் ஒரு டெரெய்லரின் விலையையும் சேர்த்து வாங்கிக்கொள்கிறது. இன்னும் மேல்மட்டத்தில் வாசல் அடைத்தேவிட்டது: 2021-இல் வந்த பன்னிரண்டு கியர் டூரா-ஏஸிலும் அல்டெக்ராவிலும் கேபிளில் இயங்கும் லீவரே கிடையாது, எல்லாம் மின்னணு. 105-இல் மட்டும் 2023-இல் கேபிள் வகையையும் திரும்பக் கொடுத்தார்கள். தைவானின் மைக்ரோஷிஃப்ட் போன்ற நிறுவனங்கள் பழைய வரிசைகளோடு ஒத்துப்போகும் லீவர்களைச் செய்கின்றன என்பதையும் சொல்லிவிட வேண்டும். அது நல்ல மாற்றுவழிதான். என்றாலும் பழைய கேபிள் லீவர்கள் ஆண்டுக்கு ஆண்டு அரிதாகிவரும் காலத்தில், கழுவிப் பார்க்காமல் ஒன்றைக் குப்பையில் போடுவது கஞ்சத்தனத்தின் எதிர்ப்பக்கம் மட்டுமல்ல, முட்டாள்தனமும்கூட.

'சரிசெய்ய முடியாது' என்பது இந்தக் கருவியின் இயற்கைக் குணம் என்று நினைப்பவர்கள் காம்பக்னோலோவின் பழைய எர்கோபவரைப் பார்க்கலாம். அதில் தேயக்கூடிய இடம் தெரிந்த இடம்: 'ஜி' வடிவத்தில் வளைந்த இரண்டு சிறு ஸ்பிரிங்குகள். அவற்றைத் தனி உதிரிபாகமாகவே விற்றார்கள். பாகங்களின் வரைபடம் எண்களோடு கிடைத்தது. லீவரை முழுதாகப் பிரித்து, கழுவி, ஸ்பிரிங் மாற்றி, மறுபடி பூட்டுவது ஐரோப்பிய மெக்கானிக்குகளுக்குச் சாதாரண வேலையாக இருந்தது. 2009 மாடலில் அல்ட்ரா-ஷிஃப்ட் என்ற புது அமைப்பு வந்தபின் அந்தச் சில்லறைத் தாராளம் குறைந்தது. உள்ளுடலை ஒரே தொகுதியாக மாற்றும் வழி முன்னுக்கு வந்தது. ஒரே வேலையைச் செய்யும் இரண்டு கருவிகளில் ஒன்றைத் திறக்கலாம், மற்றதைத் திறக்க வேண்டாம் என்றால் அது இயந்திரவியலின் விதி இல்லை. யாரோ மேசையில் உட்கார்ந்து எடுத்த முடிவு.

மின்னணு லீவரே எல்லாவற்றுக்கும் விடை என்போருக்கு அதிகம் சொல்லத் தேவையில்லை. அங்கே இறுகும் கிரீஸும் நையும் கேபிளும் கிடையாது, உண்மை. கம்பியில்லாமல் பேசும் லீவர்களுக்குள் காசு வடிவ பேட்டரி இருக்கிறது, பொத்தான் இருக்கிறது, அறைக்குள் டிரெய்னரில் ஓட்டுபவரின் வியர்வை ஹூட்டுக்கு அடியில் தேங்குவதும் அப்படியே இருக்கிறது. கெட்டுப்போனால் டர்பன்டைன் உதவாது. 'தூக்கிப்போடு' என்ற தீர்ப்பு அங்கே உண்மையிலேயே பொருந்தக்கூடும். அந்தத் தீர்ப்பைப் பழைய இயந்திரத்தின்மேல் ஏற்ற அது காரணமாகாது.

உண்மையான சாவுகளும் உண்டு. விழுந்து உடலில் விரிசல் விட்ட லீவர், பல்வட்டின் முனைகள் மழுங்கிக் கழுவிய பிறகும் சுமையில் நழுவுகிற லீவர், வியர்வை உப்பில் ஸ்பிரிங் அரித்து முறிந்த லீவர், எண்ணெய் கசியும் ஹைட்ராலிக் லீவர் ஆகியவற்றில் பீய்ச்சிப் பீய்ச்சிப் பார்ப்பது வீண். ஹைட்ராலிக்கில் பிரேக் சம்பந்தப்பட்டிருப்பதால் ஆபத்தும்கூட, மாற்றத்தான் வேண்டும். கழற்றிய அந்த லீவரையும் அனுபவமுள்ள கடைக்காரர் எறிவதில்லை. ஷிமானோ சில்லறையாக விற்காத கொக்கியும் ஸ்பிரிங்கும் அதற்குள்தான் இருக்கின்றன. அதே மாடல் இன்னொன்று முறிந்து வரும்போது அவருடைய மேசை டிராயரிலிருந்து எடுத்துக் கொடுக்க அது தேவைப்படும்.